மேடத்துக்கு ஒரு பார்சல்

தையல்காரம்மாவுக்கு ராணுவத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் பெற்ற மகன். இன்னொன்று அவன் கையில் பிடித்திருக்கும் நாய். அவளுடைய அளவு நோட்டில் மகனுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தாள். நாய்க்கு நான்கு பக்கம், படத்துடன்.

மகன் வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் நாயைக் கையாளும் சிப்பாய். எங்கோ பனி பெய்யும் எல்லையில் ஒரு சின்ன முகாம். முப்பது பேர், ஒரு நாய். அவனுடைய படைப்பிரிவில் ஒரு வழக்கம்: நாய்க்கு அதைக் கையாளுபவனைவிட ஒரு படி மேல் பதவி. கோபத்தில் நாய்மேல் யாராவது கையை ஓங்கினால், அது மேலதிகாரியை எதிர்த்த குற்றமாகிவிட வேண்டும் என்பதற்காக யாரோ ஒரு புண்ணியவான் செய்துவைத்த ஏற்பாடு. ஆகவே மகன் நாயை 'மேடம்' என்று கூப்பிட்டான். முகாமும் அப்படியே கூப்பிட்டது. வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

"மேடத்துக்கு நெஞ்சுச் சுத்தளவு எவ்வளவுடா?" என்று போனை எடுத்ததும் கேட்பாள் அம்மா.

"நான் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டியாம்மா?"

"நீ பேசற, அதுலயே தெரியுது. அது பேசாதே. அளவைச் சொல்லு."

மூன்று மாதமாக, மாதத்துக்கு ஒரு பார்சல் போய்க்கொண்டிருந்தது. குளிர் கோட்டு ஒன்று, பனியில் பாதம் வெடிக்காமலிருக்க மழைக்கோட்டுத் துணியில் தைத்த குட்டி பூட்சு நான்கு, பாதத்துக்குப் பூச மெழுகுத் தைலம், துண்டு, ஒரு டப்பா வீட்டு பிஸ்கட். மேடத்தின் துண்டுக்கு நடுவில் சுருட்டி, உடையக்கூடிய தைல பாட்டிலுக்கு மெத்தையாக, மகனுக்கு ஒரு ஜோடி சாக்ஸ். கல்லூரியில் படிக்கும் மகள் முகவரி எழுதுவாள். பெட்டியை மூடிக் கயிறு கட்டுவது மட்டும் அப்பாவின் வேலை. அவர் கட்டினால் பெட்டியை மாடியிலிருந்து போட்டாலும் பிரியாது.

அப்படியொரு முடிச்சு அவருக்குத் தெரிந்ததற்குக் காரணம் இருந்தது. அவர் கல்குவாரியில் வெடி வைப்பவர். பாறையில் துளை போட்டு, மருந்து இறக்கி, ஒயர் இழுத்து, சங்கு ஊதி, ஆட்களை ஒதுக்கிவிட்டு, மலையின் ஒரு பக்கத்தை அப்படியே கீழே உட்கார வைப்பார். குவாரியில் அவருக்கு வெடிக்காரர் என்று பெயர். வீட்டில் அந்தப் பெயர் செத்து இரண்டு வருடமாகியிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வரக்கூடாத பக்கம் ஒரு கல் வந்து அவருடைய ஹெல்மெட்டை உரசிவிட்டுப் போனது. கூடவே இடது காதின் கேட்கும் சக்தியையும் எடுத்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் வலது பக்கம் மனைவி, இடது பக்கம் லீவில் வந்த மகன், கால்மாட்டில் மகள். "இனிமே வெடி பக்கமே போக மாட்டேன்," என்று மூன்று சாட்சிகள் முன்னால் சொன்னார். சொன்ன நேரத்தில் அது சத்தியம்தான். குவாரி மேனேஜரும் நல்ல மனிதர், லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடையில் ஒரு நாற்காலி கொடுத்தார்.

அந்த நாற்காலியில் அவர் ஒன்றரை நாள் உட்கார்ந்தார். லாரி ஏறும், எண் வரும், எழுத வேண்டும், லாரி இறங்கும். பிறகு இன்னொரு லாரி. இரண்டாம் நாள் மதியம் தூரத்தில் யாரோ புது ஆள் வைத்த வெடி, வெடிக்காமல் இருமியது. ஒற்றைக் காதில் கேட்டாலும் இருமல் இருமல்தான். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனவர் பழைய வேலைக்கே போய்ச் சேர்ந்தார். வீட்டில் இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று எழுநூறு நாளைத் தள்ளினார்.

தள்ளுவதற்கு நிறைய உழைப்பு தேவைப்பட்டது. வேலைச் சட்டையை எடைமேடை அறையிலேயே ஆணியில் மாட்டிவிடுவார். மாலையில் மூன்று முறை சோப்பு, அதன் மேல் பவுடர். கிளம்பும் முன் எடைமேடை எழுத்தரிடம் வந்து நிற்பார்.

"தம்பி, இன்னைக்கு என்ன நடந்துச்சு?"

எழுத்தர் சொல்வதைக் கேட்டு வந்து, தனக்கே நடந்த மாதிரி வீட்டில் சொல்வார். தையல்காரம்மாவுக்கு அதில் ஒரு கதை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. ஒரே லாரியில் மாமனார் டிரைவர், மருமகன் கிளீனர். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "பிரேக் சரியில்லைன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்று மருமகன் எடைமேடை ஜன்னலில் சொல்வானாம். "காலையிலேயே எனக்குத் தெரியும்னு அந்தப் பையன்கிட்ட சொல்லுங்க" என்று மாமனார் அதே ஜன்னலில் பதில் சொல்வாராம். "இன்னைக்காவது பேசிக்கிட்டாங்களா?" என்று தினமும் கேட்டுக்கொண்டே சாப்பாடு போடுவாள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மகன் போன் செய்தான்.

"அம்மா, இனிமே பார்சல் அனுப்பாத."

தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள் அவள். மகள் போனின் ஸ்பீக்கரைப் போட்டாள். வெடிக்காரர் வலது காதை அந்தப் பக்கம் திருப்பி உட்கார்ந்தார்.

முகாமுக்குள் வரும் எந்தப் பெட்டியையும் முதலில் மேடம்தான் மோப்பம் பிடிப்பாராம். வெடிமருந்து வாசனை அடித்தால் குரைக்க மாட்டார், கடிக்க மாட்டார். அமைதியாக அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். மேடம் உட்கார்ந்தால் முகாம் காலி. முதல் பார்சலுக்கு உட்கார்ந்தார். முப்பது பேரும் பனியில் மணல் மூட்டைக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் படுத்திருந்தார்கள். வெடிகுண்டு நிபுணர் வந்து திறந்தால் உள்ளே நான்கு பூட்சு. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது பார்சலுக்கும் உட்கார்ந்தார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவதை அவர்கள் திறக்கவே இல்லை, தூரத்தில் வைத்து வெடித்துவிட்டார்கள்.

"மேடத்தோட கோட்டு?" என்றாள் அம்மா.

"ஒரு பட்டன் கிடைச்சுது."

"அளவு சரியா இருந்திருக்குமான்னுகூட பாக்கலையே."

"அம்மா, விஷயம் அது இல்ல. மேடம் பிஸ்கட் வாசனைக்கு உட்கார்றாங்கன்னு அதிகாரி நினைக்கறாரு. உட்கார்ந்தா பிஸ்கட் கிடைக்கும்னு கத்துக்கிட்டாங்களாம். அந்த மூக்கை இனிமே நம்ப முடியாதுங்கறாரு. இருபதாம் தேதி தலைமையிடத்துலேர்ந்து ஒரு தேர்வாளர் வராரு. லாயக்கில்லைன்னு எழுதிட்டா மேடத்தை வெளியில அனுப்பிடுவாங்க."

"வெளியிலன்னா எங்க?"

"எங்கயோ. என்கூட இருக்க மாட்டாங்க." அவன் குரல் கொஞ்சம் மாறியது. "அவங்க தப்பா உட்கார்ந்ததே இல்லம்மா. போன வருஷம் நான் காலை வைக்கப்போன இடத்துக்கு முன்னாடி உட்கார்ந்தாங்க. அதனாலதான் ரெண்டு காலோட நின்னு பேசிக்கிட்டு இருக்கேன்."

அம்மா போனை நெருங்கி உட்கார்ந்தாள்.

"இதை ஏன்டா அப்பவே சொல்லல?"

"சொன்னா நீ தையல் மெஷினைத் தூக்கிக்கிட்டு இங்க வந்து நிப்ப."

அது உண்மை என்பதால் அவள் மறுக்கவில்லை.

"வீட்டுல யாராவது வெடிமருந்து வேலை பாக்கறாங்களான்னு அதிகாரி கேட்டாரு," என்றான் மகன். "அப்பா அதை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சுன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் இன்னும் அந்த வேலையில இருந்திருந்தாகூட மேடம் தப்பிச்சிருப்பாங்க. நம்ம நேரம், மனுஷன் எடைமேடையில உட்கார்ந்திருக்காரு. அதிசயம் என்னன்னா, பிஸ்கட் இருந்த பக்கத்தை அவங்க கண்டுக்கவே இல்ல. கயித்து முடிச்சு மேலயே மூக்கை வெச்சிருந்தாங்க."

வெடிக்காரர் தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் மடியில் ஒன்றும் தெரியாதவை போல் கிடந்தன.

மகன் போனை வைத்ததும் தையல்காரம்மா பிஸ்கட் டப்பாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், கைக்கெட்டாத இடத்தில் வைத்தாள்.

"என் கையாலயே ஒரு அதிகாரியைக் கெடுத்துட்டேன்," என்றாள்.

"அதுக்குப் பேரு லஞ்சம்மா," என்றாள் மகள். "வெண்ணெய் கொஞ்சம் கம்மியாப் போட்டிருக்கலாம்."

மகள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்த வெடிக்காரர், கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிக் கொல்லைக்குப் போனார். நான்காவது முறையாக.

மறுநாள் எடைமேடை அறையில் வெடிக்காரர் நடந்ததையெல்லாம் சொல்லி, எழுத்தர் முன்னால் ஒரு தாளை நீட்டினார்.

"தம்பி, இதை உன் கையெழுத்துல ஒரு தடவை எழுதிக் கொடு. என் கையெழுத்து பையனுக்குத் தெரியும்."

எழுத்தர் படித்தார்.

'மதிப்புக்குரிய முகாம் அதிகாரி அவர்களுக்கு. உங்கள் நாய் உட்கார்ந்தது சரியே. அந்தப் பார்சல்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். நாயை வேலையிலிருந்து எடுக்க வேண்டாம். எடுத்தால் பின்னால் வருத்தப்படுவீர்கள். நான் யார் என்று தேட வேண்டாம். இப்படிக்கு, நலம் விரும்பி.'

எழுத்தர் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு ஜன்னலைச் சாத்தினார்.

"அண்ணே, இதைத் தபால்ல போட்டுட்டு நாம வீட்டுல இருக்கணுமா, இல்ல இங்கயே இருந்தா வந்து கூட்டிக்கிட்டுப் போவாங்களா?"

"ஏன், இதுல என்ன தப்பு? நாயைப் பத்தி நல்லதாத்தானே எழுதியிருக்கேன்?"

"நாயைப் பத்தி நல்லாத்தான் இருக்கு."

"அந்த 'வருத்தப்படுவீர்கள்' வேணும்னா எடுத்துடலாம். 'விளைவுகளுக்கு நான் பொறுப்பல்ல'ன்னு போடு."

எழுத்தர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அண்ணே, இன்னொண்ணும் இருக்கு. இந்தத் தாளை நீங்க தொட்டிருக்கீங்க. கவர் அங்க போனதும் மேடம் மறுபடி உட்காரும். நாலாவது தடவை."

வெடிக்காரர் தாளை வாங்கி, நான்காக மடித்து, பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். வெளியே ஒரு லாரி ஏறி, எண்ணைக் காட்டி, இறங்கியது.

"வீட்டுல சொல்லிடுங்க அண்ணே."

"சொல்லிடலாம். ஆனா அவ முதல்ல மாமனார் மருமகனைத்தான் கேப்பா. அவங்க இன்னைக்கு என்ன பண்ணாங்க?"

எழுத்தர் ஸ்டாம்பு பேடைத் திறந்து மூடினார். "அப்படி யாரும் இல்லண்ணே."

"யாரும் இல்லைன்னா?"

"முதல் நாள் ஒரு லாரிக்கு டயர் வெடிச்சுது. அது நிஜம். அதைச் சொன்னேன். மறுநாளும் வந்து நின்னீங்க. எடைமேடையில என்னண்ணே நடக்கும்? உங்களை வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. ராத்திரியெல்லாம் யோசிச்சு வெச்சுக்கிட்டு வருவேன்."

எழுநூறு நாளாக, பொய் சொல்வதற்காக ஒரு பொய்யைக் கடன் வாங்கி வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் வெடிக்காரருக்குப் புரிந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. அந்த மருமகனை அவருக்கும் பிடித்திருந்தது.

அன்று மாலை அவர் பவுடர் போட்டுக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனார். தையல்காரம்மா யாருடைய சட்டைக்கோ காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் தரையில் புத்தகத்தை விரித்துப் படுத்திருந்தாள்.

"நான் எடைமேடையில இல்ல," என்றார்.

மெஷின் நின்றது. "எப்போலேர்ந்து?"

"ஒன்றரை நாள் இருந்தேன்."

மற்றதையும் சொன்னார். சட்டை, சோப்பு, முடிச்சு, எல்லாம். கத்துவாள் என்று எதிர்பார்த்து வலது காதைக் கொஞ்சம் திருப்பியே வைத்திருந்தார். அவள் கத்தவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். அதற்குக் கத்தலே தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

"அப்போ அந்த மாமனார் மருமகன்?"

"அது எடைமேடை எழுத்தர் சொன்னது."

"அவர் பார்த்ததா?"

"அவரும் பார்க்கலையாம்."

"போன மாசம் அந்த மருமகனுக்குக் காய்ச்சல்னு சொன்னீங்க. எனக்கு ரெண்டு நாள் மனசே சரியில்ல."

"யாருக்கும் காய்ச்சல் இல்ல. ஒரு வகையில பாத்தா அது நல்ல சேதிதானே."

"அப்பா," என்றாள் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "இதோட நிறுத்திக்கோங்க."

அவர் நிறுத்திக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா பக்கத்துல உட்கார்ந்து சோறு போட்டிருக்கேன்," என்றாள் தையல்காரம்மா. "எனக்குத் தெரியல. எங்கயோ பனியில இருக்கிற நாய் கண்டுபிடிச்சிருக்கு." காலரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்போ அதோட மூக்கு சரி. என் பிஸ்கட்டும் சரி. நீங்கதான் சரியில்ல."

"ஆமா."

"இவ எழுதட்டும். நீங்க சொல்லச் சொல்ல எழுதட்டும். எதையும் தொடாதீங்க."

மகள் தேர்வாளருக்கு மெயிலில் எழுதினாள். வெடி வைக்கும் உரிமத்தைப் படமெடுத்து இணைத்தாள். மகனுக்கு வெடிக்காரர் தானே போன் செய்தார். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் நாய் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா, நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்."

"தெரியும்."

"அது பொய்யாப் போச்சு இப்போ."

"பொய் என்னுது. கையெழுத்துதான் உன்னுது. அதையும் மெயில்ல எழுதச் சொல்லிட்டேன்."

"அம்மா என்ன சொன்னா?"

"மருமகனுக்குக் காய்ச்சல் இல்லைங்கறதை அவளால தாங்க முடியல."

"எந்த மருமகன்?"

"அதை அப்புறம் சொல்றேன்."

மறுநாளிலிருந்து வெடிக்காரர் வீட்டில் இருத்தப்பட்டார். மனைவி பாத்திரம் தேய்க்கும் நாரைக் கொடுத்துக் காலையும் மாலையும் கையைத் தேய்க்கச் சொன்னாள். ஐந்தாம் நாள் அந்தக் கைகள் புதிதாகப் பிறந்தவை போல் சிவந்திருந்தன. அன்றுதான் தேர்வாளரிடமிருந்து பதில் வந்தது.

ஒரு மகனைக் காப்பாற்ற அப்பா எதை வேண்டுமானாலும் எழுதுவார், ஆகவே கடிதத்தை ஏற்க முடியாது என்று அவர் மரியாதையாகத் தெரிவித்திருந்தார். ஆனால் சோதித்துப் பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் வர வேண்டும். ஒன்று, தந்தை தன் வழக்கமான வேலைக்குப் பின் கட்டியது. அதில் பிஸ்கட் இருக்கக் கூடாது. இன்னொன்று, அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் கட்டியது. அதில் பிஸ்கட் மட்டுமே இருக்க வேண்டும். இருபதாம் தேதிக்குள் இரண்டும் முகாமில் இருக்க வேண்டும்.

தையல்காரம்மா கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு கணவரின் கைகளைப் பார்த்தாள். தேய்த்துத் தேய்த்து அவளே அழித்துவைத்த சாட்சியம் அது.

"அப்போ நீங்க மறுபடி போய் வெடி வைக்கணும்."

"நானா கேக்கல."

"நீங்க கேக்கலைன்னு எனக்குத் தெரியும். ஒரு நாள். நானும் வரேன்."

பிஸ்கட் பெட்டியைக் கட்ட மகளின் கல்லூரித் தோழி ஒருத்தி ஒப்புக்கொண்டாள். மகளும் அப்பா இருக்கும் வீட்டுக் காற்றைச் சுவாசிப்பவள் என்பதால், தெருவின் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, "இன்னும் ஒரு சுத்து சுத்துடி," என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். பிஸ்கட் மாவையும் தோழியின் அம்மாவே பிசைந்தார். தையல்காரம்மா போனில் வெண்ணெய் அளவு சொன்னாள், குறைக்காமல்.

குவாரியில் அவளை எடைமேடை அறைக்குப் பக்கத்தில், பாதுகாப்புக் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். எழுத்தர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் யார் என்று அவளுக்குச் சொல்லாமலே தெரிந்தது.

"அந்த மாமனாரும் மருமகனும்," என்றாள், "கடைசியில பேசிக்கற மாதிரி வெச்சிருந்தீங்களா?"

"இன்னும் முடிவு பண்ணலைங்க," என்றார் எழுத்தர், தலையைக் குனிந்துகொண்டு.

தூரத்தில், பாறை விளிம்பில், வெடிக்காரர் முப்பத்திரண்டு துளைகளுக்கும் ஒவ்வொன்றாகக் குனிந்து நிமிர்ந்தார். ஒயரைத் தொட்டுப் பார்த்தார், போனார், திரும்பி வந்து மறுபடி தொட்டார். வீட்டில் விளக்கை அணைக்க மறக்கும் ஆள். இங்கே ஒரு இடத்தைக்கூட அவர் இரண்டு முறை பார்க்காமல் விடவில்லை என்பதை அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தெரியாத ஒரு மனிதர் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் அவளுக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

அப்போது அவருடைய இடது பக்கம் ஒரு லாரி பின்னோக்கி நகர்ந்து வந்தது. ஹாரன் அடித்தது. எடைமேடை வரை கேட்டது. வெடிக்காரர் நிமிரவில்லை. மறுபடி அடித்தது. கொடி பிடித்திருந்த ஆள் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து ஒதுக்கினான். அவர் ஒதுங்கி, லாரிக்குக் கை காட்டிவிட்டு, அடுத்த துளைக்குப் போனார். தினமும் நடப்பதுபோல. எழுத்தர் எதையும் பார்க்காத மாதிரி ரிஜிஸ்டரைத் திறந்துகொண்டார். ஆகவே தினமும் நடப்பதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சங்கு ஊதியது. மலை ஒரு பெருமூச்சு விட்டு, ஒரு பக்கமாக, பதவிசாக உட்கார்ந்தது. தூசு அடங்கியதும் அவர் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லாத்தான் பண்றீங்க," என்றாள்.

"சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சா?"

"இல்ல. லாரி ஹாரன் அடிச்சுதே, கேட்டுதா?"

"எந்த லாரி?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு தான் நின்றிருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். சக்கரத் தடம் அங்கேயே இருந்தது. சிரிப்பு மெல்ல இறங்கியது. எடைமேடை மேசையில் வைத்து, கை கழுவாமல் பெட்டிக்குக் கயிறு கட்டினார்.

இருபதாம் தேதி மாலை மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அது அடித்ததும் மகள் எடுத்தாள்.

"பத்துப் பெட்டி வரிசையா வெச்சாங்க," என்றான் மகன். "எது எங்கன்னு எனக்கே தெரியாது. மேடம் போனாங்க. மூணாவது பெட்டியில நின்னுட்டாங்க."

"அது எது?"

"பிஸ்கட்டும்மா."

தையல்காரம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூக்கை வெச்சாங்க. வாலை ஒரு தடவை ஆட்டினாங்க. என்னை ஒரு பார்வை பாத்தாங்க. அப்புறம் நகர்ந்துட்டாங்க. ஏழாவது பெட்டியில போய் உட்கார்ந்தாங்க. தேர்வாளர் பெட்டியெல்லாம் மாத்தி வெச்சாரு. மறுபடி அதே பெட்டி. மூணு தடவை. அம்மா, மேடம் பாஸ்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகன் தேர்வாளர் எழுதிய அறிக்கையைப் படித்தான்: 'நாய்: தகுதி. கையாளுபவர்: தகுதி. பெட்டியில் கண்டறியப்பட்ட வெடிமருந்தின் மூலம்: தந்தை.'

"என் சர்டிபிகேட்லகூட இப்படி வந்ததில்ல," என்றாள் மகள்.

பிறகு தேர்வாளரே போனை வாங்கினார். பணிவான குரல். "ஐயா, உங்க கை மாதிரி இயல்பான பயிற்சிப் பொருள் எங்களுக்குக் கிடைக்கறது கஷ்டம். மாசம் ஒரு பெட்டி இதே மாதிரி கட்டி அனுப்ப முடியுமா? மத்த முகாம் நாய்களுக்கும் உபயோகப்படும்."

முப்பது வருட வேலையில் வெடிக்காரரின் கையை யாரும் இப்படிப் புகழ்ந்ததில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். வலது பக்கம் மனைவி உட்கார்ந்திருந்தாள். தலையை ஆட்டவுமில்லை, முறைக்கவுமில்லை. சும்மா அவருடைய இடது காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாதுங்க," என்றார். "நான் அந்த வேலையை விட்டுட்டேன்."

"எப்போ?" என்றாள் அவள், மெதுவாக.

"இப்போ."

போனில் மகன் திரும்ப வந்தான். "அப்பா, இதை நாங்க எப்படி நம்பறது?"

"நம்பவே வேணாம்," என்றாள் அம்மா. "அடுத்த மாசப் பார்சலையும் அவரே கட்டட்டும். மேடம் சொல்லட்டும்."

மேனேஜர் பழைய நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். வெடிக்காரர் அதில் ஒரு மாதம் உட்கார்ந்தார். லாரி ஏறியது, எண் வந்தது, எழுதினார், இறங்கியது. நடுவில் இரண்டு முறை தூரத்தில் வெடி இருமியது. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மாதக் கடைசியில் புதுக் கோட்டு, பூட்சு, தைலம், பிஸ்கட், சாக்ஸ் எல்லாம் வைத்துப் பெட்டியைக் கட்டினார். ஒரு தப்பும் செய்யாத கை, முடிச்சை மூன்று முறை அவிழ்த்துக் கட்டியது.

பத்தாம் நாள் போன் வந்தது.

"அப்பா, பார்சல் வந்துடுச்சு. மேடம் முடிச்சுல மூக்கை வெச்சாங்க."

வெடிக்காரர் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினார். பட்டனை அழுத்திவிட்டு மலையைப் பார்த்து நின்ற எந்த நாளிலும் இவ்வளவு நீளமாக எண்ணியதில்லை.

"சுத்தி வந்தாங்க. மறுபடி மோந்தாங்க. உட்காரலைப்பா. இப்ப பூட்சைப் போட்டுக்கிட்டு நடக்கத் தெரியாம நின்னுக்கிட்டு இருக்காங்க."

வெடிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அளவு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் பக்கத்தைத் திருப்பவில்லை.

"மத்தவங்களுக்கும் ஆளுக்கு ரெண்டு பிஸ்கட் கொடுடா," என்றாள்.

"கொடுக்கலாம்மா. ஆனா இங்க யாரும் இல்ல. வேன்லேர்ந்து பெட்டியை இறக்கும்போதே நம்ம வீட்டு முகவரியைப் பாத்துட்டாங்க. இருபத்தொன்பது பேரும் மணல் மூட்டைக்குப் பின்னாடி படுத்திருக்காங்க. மேடம் உட்காரலைன்னு கத்தறேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க."

"உள்ள வரச் சொல்லுடா," என்றாள் தையல்காரம்மா. "பனியில கிடக்கறாங்க, பாவம்."